தன்னை அறியாததை நேசித்தல்: மறதி நோயும் இயற்கையின் அழகும்

முதுமையில் நினைவை இழந்துவரும் தாயையோ தந்தையையோ வீட்டில் வைத்துப் பேணும் ஒருவருக்கு இயற்கையின் அழகு என்ன பொருள் தரக்கூடும் என்ற கேள்வி, மேலோட்டமாகப் பார்த்தால் மன ஆறுதலைப் பற்றிய ஒன்றாகத் தோன்றினாலும், சமயமும் மெய்யியலும் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் மூன்று கேள்விகளைத் தன்னுள் அடக்கியிருக்கிறது. நினைவு கலைந்த பிறகு எஞ்சியிருப்பவர் யார் என்பது முதல் கேள்வி. அழகை உணர்வதற்கு நினைவு தேவையா என்பது இரண்டாவது. பெற்றவர் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டிருக்கும் வீட்டில் இருந்தபடி, வாசலில் பூத்துக் குலுங்கும் கொன்றையைக் கண்டு மகிழ்வது அறத்துக்கு அடுக்குமா என்பது மூன்றாவது. இவற்றைத் தனித்தனியே எடுத்து நோக்கும்போது, விடைகள் ஒரே திசையில் செல்வதைக் காணலாம். இயற்கை தன்னைக் காண்பவரை அறிவதில்லை. ஆயினும் மனிதர் அதை நேசிக்கின்றனர். தன்னை இன்னார் என்று அறிய இயலாத தாயை நேசிப்பதற்கு வேண்டிய மனப்பயிற்சி அந்த நேசத்துக்குள் ஏற்கெனவே இருக்கிறது என்பதே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்து.

நோயின் இயல்பு

1906ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் நடைபெற்ற மனநல மருத்துவர் கூட்டமொன்றில், அலோயிஸ் அல்சைமர் என்னும் மருத்துவர், ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே நினைவு குலைந்து சில ஆண்டுகளில் இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையில் தாம் கண்டவற்றை எடுத்துரைத்தார். நரம்பணுக்களுக்கு வெளியே படிந்த திட்டுகளும், அணுக்களுக்கு உள்ளே முறுக்கிக்கொண்ட இழைச் சிக்கல்களும் அவர் கண்ட இரு மாற்றங்களாகும். முன்னது அமிலாய்டு பீட்டா என்னும் புரதத் துணுக்கால் ஆனது என்பதும், பின்னது டௌ என்னும் புரதத்தால் ஆனது என்பதும் பிற்காலத்தில் தெரியவந்தன. 1910இல் எமில் கிரேப்பெலின் தம் மனநல மருத்துவ நூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார். மறதி நோய் என்று மக்கள் வழங்கும் டிமென்ஷியா, பல நோய்களால் விளையும் அறிவுத்திறன் சிதைவைக் குறிக்கும் பொதுப்பெயராகும். அதில் 60 முதல் 70 விழுக்காடு அல்சைமர் நோயால் ஏற்படுவது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் 5.7 கோடிப் பேர் டிமென்ஷியாவுடன் வாழ்ந்தனர். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நிலையில் இருப்பதாக ஒரு நாடுதழுவிய ஆய்வு மதிப்பிட்டுள்ளது.

இந்த எண்ணிக்கைகளைவிட, நோய் எதை முதலில் பறிக்கிறது, எதை நெடுநாள் விட்டுவைக்கிறது என்பதே இங்கு முக்கியமானது. புதிய நிகழ்வுகளை நினைவில் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப் பகுதியும் அதை அடுத்துள்ள பகுதிகளும் தொடக்கத்திலேயே பாதிக்கப்படுவதால், காலையில் உண்ட இட்லி மறந்துபோகும்போது ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய கல்யாணப் பந்தல் தெளிவாக நிற்கிறது. நோய் முற்றும்போது அந்தப் பழைய நினைவும், சொற்களும், முகங்களும் ஒவ்வொன்றாக விலகுகின்றன. கை பழகிய செயல்களைத் தாங்கும் செயல்முறை நினைவோ, மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்திருப்பதால், இவற்றைவிட நெடுநாள் தாக்குப்பிடிக்கக்கூடியது. மகளின் பெயரைச் சொல்ல முடியாத ஒரு தாயின் மடியில் மல்லிகை மொட்டுகளைக் கொட்டி, நனைத்த வாழைநாரைக் கையில் கொடுத்தால், மொட்டுகளை இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலால் இழுத்து முடிச்சை இறுக்கிச் சரம் கட்டத் தொடங்குவதைக் காண முடியும். அல்சைமர் நோயில் நுகரும் திறன் தொடக்கத்திலேயே குன்றுவது உண்டு என்பதால், அந்த மல்லிகையின் மணம் அவருக்கு எட்டாமலே இருக்கலாம். ஆனால் மொட்டின் காம்பு எந்தப் பக்கம் என்பதை அவருடைய விரல் அறிந்திருக்கிறது. இழந்ததும் எஞ்சியதும் இவ்வாறு ஒரே கையில், ஒரே பூவில் அருகருகே இருப்பதால்தான், நினைவு போனால் ஆளே போய்விட்டார் என்று முடிவுகட்ட இயலாமல் இருக்கிறது.

எஞ்சியிருப்பவர் யார்

அப்படி முடிவுகட்டும் போக்குக்கு மெய்யியல் வலுச் சேர்த்தவர்களுள் ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் லாக் முதன்மையானவர். 'மனித அறிவு குறித்த ஆய்வுரை' என்னும் தம் நூலின் 1694ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் அவர் புதிதாகச் சேர்த்த ஓர் இயல், ஒரு மனிதர் நேற்றும் இன்றும் அதே மனிதராக இருப்பது உடலாலோ உயிர்ப்பொருளாலோ அன்று, கடந்தகாலச் செயல்களைத் தன்னுடையவை என்று உணரும் தொடர் உணர்வாலேயே என்று வாதிட்டது. இக்கொள்கையை அப்படியே ஏற்றால், தன் இளமையையோ பிள்ளைகளையோ நினைவுகூர இயலாதவர் முன்பிருந்தவர் அல்லர் என்றாகிறது. அவரைப் பேணும் பிள்ளை, தாயின் உருவில் இருக்கும் வேறொருவருக்குக் கடமை ஆற்றுகிறார் என்றாகிறது. நோயாளியின் அருகில் இருப்போர் சில வேளைகளில், “இவர் எங்கள் அம்மாவே இல்லை” என்று தளர்ந்து சொல்வது, இக்கொள்கையைப் படிக்காமலே அதன் முடிவுக்கு வந்து சேர்வதாகும்.

தமிழ்ச் சைவ சித்தாந்தம் வேறோர் அடித்தளத்தில் நின்று இதை அணுகுகிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய, பன்னிரண்டு நூற்பாக்களைக் கொண்ட சிவஞானபோதம், உடலும் புலன்களும் உயிர் அல்ல என்று மூன்றாம் நூற்பாவிலும், உள்ளத்தின் கருவிகளும் உயிர் அல்ல என்று நான்காம் நூற்பாவிலும் நிறுவுகிறது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் நான்கும் அந்தக்கரணம், அதாவது அகக்கருவிகள், எனப்படும். உயிர் இவற்றோடு கூடி நின்று அறிகிறதேயன்றி இவற்றுள் எதுவாகவும் ஆவதில்லை என்பது சித்தாந்தத்தின் நிலைப்பாடு. இந்நோக்கில், அல்சைமர் நோய் சிதைப்பது கருவிகளையே. அக்கருவிகளை உடைய உயிர் சிதைவதில்லை. பெயரை மறந்த தாயும் பெயர் சொல்லி அழைத்த தாயும் ஒருவரே என்று சொல்வதற்கு இங்கே உறுதியான இடம் கிடைக்கிறது.

எனினும் சித்தாந்தம் எளிய ஆறுதலைத் தருவதாக எண்ணிவிடக் கூடாது. உயிர் கட்டுண்ட நிலையில் இருக்கும்வரை கருவிகளின் துணையின்றி அறியமாட்டாது என்பதையும், கருவிகள் நீங்கியபோது ஆணவ மலம் என்னும் இருளில் ஒன்றும் அறியாமல் கிடக்கும் என்பதையும் அது அதே உறுதியோடு சொல்கிறது. அவ்விருண்ட நிலைக்குக் கேவலம் என்று பெயர். ஆகவே மறதி நோயுற்றவர் உள்ளே தெளிவாக இருந்துகொண்டு வெளியே சொல்ல இயலாமல் மட்டும் தவிக்கிறார் என்று கற்பனை செய்துகொள்வதற்கு இத்தத்துவம் இடம் தரவில்லை. அது தருவது வேறொன்று. உயிர் தானே அறியாது, அறிவித்தால் அறியும் என்பதும், எதைச் சார்ந்திருக்கிறதோ அதன் தன்மையைப் பெறும் என்பதும் உயிரின் இயல்புகளாகச் சொல்லப்படுகின்றன. சார்ந்ததன் வண்ணமாதல் எனப்படும் இவ்வியல்பை விளக்க, அருகில் வைத்த பொருளின் நிறத்தைத் தன்மேல் காட்டும் பளிங்கைச் சித்தாந்த ஆசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். மலத்தையும் இறையையும் பற்றிப் பேச எழுந்த இக்கருத்தைப் பேணலுக்கும் நீட்டிப் பார்ப்பது பொருந்தும்: அகக்கருவிகள் தளர்ந்த ஒருவர், தம்மைச் சூழ்ந்திருப்பவற்றை முன்பைவிட அதிகமாகச் சார்ந்திருக்கிறார். அவரைச் சுற்றி என்ன இருக்கிறது, எந்த ஒளி, எந்த ஓசை, எந்த முகம் இருக்கிறது என்பது, அவர் அந்நேரத்தில் என்னவாக இருக்கிறார் என்பதையே பெருமளவு வகுக்கிறது. ஆகவே பிள்ளை அவரை எதன் அருகில் அமர்த்துகிறார் என்பது அறம் சார்ந்த ஒரு செயலாகிவிடுகிறது.

அழகுக்கு நினைவு வேண்டுமா

தாயை ஒரு மரத்தின் அருகில் அமர்த்துவதால் அவருக்கு என்ன பயன், அது இன்ன மரம் என்றோ நேற்றும் அதைப் பார்த்தோம் என்றோ அவர் அறியப்போவதில்லையே என்று கேட்கலாம். இந்த ஐயத்துக்கு மிகத் துல்லியமான விடையைத் தந்தவர் இம்மானுவேல் காண்ட். 1790இல் வெளிவந்த 'தீர்ப்புத் திறன் பற்றிய திறனாய்வு' என்னும் நூலில், ஒன்றை அழகானது என்று உணர்வதற்கும் அதை இன்னது என்று அறிவதற்கும் இடையே அவர் தெளிவாகக் கோடு போட்டார். பூவின் தாவரவியல் பெயரையோ பயனையோ அறிவது ஒரு செயல். எந்தக் கருத்தின் கீழும் அதை வகைப்படுத்தாமல், அதை அடைய வேண்டும் என்ற விருப்பமும் இன்றி, அதன் தோற்றத்திலேயே மனம் களிப்பது வேறொரு செயல். பின்னதே அழகுணர்வு. இதன்படி, பெயர்களையும் வகைகளையும் பறிக்கும் ஒரு நோய், அழகுணர்வின் வேரை நேரடியாகத் தொடுவதில்லை என்றாகிறது.

காண்டின் சொந்த முதுமை இக்கொள்கைக்கு அவர் எண்ணிப்பார்த்திராத சான்றாக அமைந்தது. 1804 பிப்ரவரியில் இறப்பதற்கு முந்தைய ஆண்டுகளில் அவருடைய நினைவாற்றல் கடுமையாகக் குன்றியது. அது இன்ன நோய் என்று இன்று உறுதியாகச் சொல்ல இயலாது என்றாலும், பெயர்களும் அண்மை நிகழ்வுகளும் அவரிடமிருந்து நழுவின என்பதில் ஐயமில்லை. அவரைப் பேணும் பொறுப்பை ஏற்றவர், அவருடைய முன்னாள் மாணவரும் கோனிக்ஸ்பெர்க் நகரின் திருச்சபை ஊழியருமான வசியான்ஸ்கி. அவர் அதே 1804இல் வெளியிட்ட குறிப்புகளில், கடைசி ஆண்டுகளில் வசந்த காலமே காண்டுக்கு மகிழ்ச்சி தராமல் போய்விட்டபோதும், ஆண்டுதோறும் வந்து ஜன்னலுக்கு வெளியே பாடும் கதிர்க்குருவி இனத்துச் சிறு பறவை ஒன்றை மட்டும் அவர் ஆவலோடு எதிர்பார்த்திருந்தார் என்று பதிவு செய்கிறார். அது வரத் தாமதமானால், இத்தாலிய மலைகளில் இன்னும் குளிர் நீடிக்கிறது போலும் என்று அவர் அதற்காகப் பரிவு கொள்வாராம். அழகுக்கு இலக்கணம் வகுத்தவரின் அறிவுக் கட்டடம் கலைந்துவிட்டது. ஆனால் அந்த இலக்கணம் குறித்த மகிழ்ச்சி கலையவில்லை.

அண்மைக்கால ஆய்வுகளும் இதற்குத் துணை நிற்கின்றன. அமெரிக்க உளவியலாளர் ஆண்ட்ரியா ஹால்பெர்னும் அவருடைய குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், அல்சைமர் நோயுற்றவர்களிடம் ஓவியங்கள் அச்சிட்ட அஞ்சலட்டைகளைக் கொடுத்துப் பிடித்த வரிசையில் அடுக்கச் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து மீண்டும் கொடுத்தபோது, முன்பு பார்த்தது நினைவில் இல்லாதபோதும், ஏறத்தாழ அதே வரிசையில் அவர்கள் அடுக்கினார்கள். எது தமக்கு அழகு என்னும் தெரிவு, அதைத் தெரிந்தெடுத்த நினைவு போன பிறகும் நிலைத்திருந்தது. அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, மகிழ்ச்சியும் துயரமும் தரும் திரைப்படக் காட்சிகளை அல்சைமர் நோயாளிகளுக்குக் காட்டியது. காட்சிகளைச் சிறிது நேரத்தில் மறந்தவர்களிடமும், அவை எழுப்பிய உணர்வு தொடர்ந்து நீடித்தது. காலையில் திண்ணையில் அமர்ந்து வெயிலில் அசையும் வேப்பங்கிளையைப் பார்த்த ஒருவர், பத்து மணிக்கு அதை மறந்திருக்கலாம். அது தந்த அமைதி, காரணம் தெரியாமலே, அவரோடு உள்ளே வந்திருக்கக்கூடும். மறக்கப்பட்ட நன்மையும் நன்மையே என்பது இதிலிருந்து பெறப்படும் அறநெறி.

அழகே ஒரு நினைவுகூரல் என்று கருதிய பிளேட்டோவின் கொள்கை இதற்கு மாறானது என்று தோன்றலாம். 'ஃபீட்ரஸ்' என்னும் உரையாடலில், இவ்வுலக அழகைக் காணும் உயிர், பிறப்புக்கு முன் தான் கண்ட மெய்யான அழகை நினைவுகூர்கிறது என்று அவர் காட்டுகிறார். ஆனால் அவர் பேசும் நினைவு, நேற்று யார் வந்தார்கள் என்னும் நிகழ்வு நினைவு அன்று. உயிரின் அமைப்பிலேயே இருக்கும் நாட்டம். ஹிப்போகேம்பஸ் அழிவதால் அந்த நாட்டம் அழிகிறது என்று சொல்ல, பிளேட்டோவின் நூலில் சான்று எதுவும் இல்லை.

பேணுபவரின் பார்வை

இதுவரை பேசப்பட்டது நோயுற்றவரைப் பற்றியது. பேணுபவருக்கு அழகு என்ன செய்கிறது என்ற கேள்விக்கு, ஆங்கில நாவலாசிரியரும் மெய்யியலாளருமான ஐரிஸ் மர்டாக்கின் எழுத்து வழிகாட்டுகிறது. 1970இல் வெளிவந்த 'நன்மையின் இறையாண்மை' என்னும் நூலில், மனித மனம் இடைவிடாமல் தன்னைப் பற்றியே கவலைப்பட்டு, தன்னையே தேற்றிக்கொண்டு, தன் பெருமையைக் காத்துக்கொள்ளும் இயல்புடையது என்றும், அறவாழ்வு என்பது அந்தத் தன்மையப் புகைமூட்டத்திலிருந்து வெளியேறி எதிரே இருப்பதை உள்ளபடி காண்பதே என்றும் அவர் வாதிட்டார். கவனம் என்று அவர் குறிக்கும் இந்தப் பார்வையை, பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெய்யிடமிருந்து அவர் பெற்றார். வெய்க்கு அது இறைவேண்டலின் மறுபெயர். இக்கவனத்தை எங்கே கற்பது என்பதற்கு மர்டாக் தரும் எடுத்துக்காட்டு புகழ்பெற்றது: மனக்கசப்பில் உழன்றபடி ஜன்னல் வழியே பார்க்கும் ஒருவரின் கண்ணில், வானில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும் வல்லூறு ஒன்று படுகிறது; அந்தக் கணத்தில் புண்பட்ட தன்முனைப்பு மறைந்து, வல்லூறு மட்டுமே இருக்கிறது; பிறகு பழைய கவலைக்குத் திரும்பும்போது அது சிறுத்துப்போயிருக்கிறது. தான் என்பது விலகும் இந்நிகழ்வைத் தன்னீக்கம் என்று சொல்லலாம்.

மர்டாக்குக்கு 1997இல் அல்சைமர் நோய் இருப்பது கண்டறியப்பட்டது. 1999 பிப்ரவரியில் அவர் மறைந்தார். அவரை வீட்டிலேயே வைத்துப் பேணிய கணவரும் இலக்கியத் திறனாய்வாளருமான ஜான் பெய்லி, 1998இல் எழுதிய நினைவுக்குறிப்பில், இளமையில் இருவரும் குளித்த ஆக்ஸ்போர்டு அருகிலுள்ள ஆற்றுக்கு, நோய் வந்த பின்னும் சென்று நீரில் இறங்கியதைப் பதிவு செய்திருக்கிறார். தாம் எழுதிய நூல்களையே அறியாத நிலையிலும் ஆற்றுநீர் அவருக்கு அந்நியமாகவில்லை. தன்னீக்கத்தைப் பற்றி எழுதியவர் தன்னினைவை இழந்தார் என்பதை ஒரு கொடிய முரணாக மட்டும் காண்போர், இரண்டும் வேறு வேறு என்பதை மறக்கின்றனர். முன்னது விரும்பி ஏற்கும் விடுதலை. பின்னது நோய் செய்யும் பறிப்பு. பறிப்பைப் புனிதப்படுத்துவது நோயுற்றவருக்கு இழைக்கும் அநீதி. விடுதலையைக் கற்க வேண்டியவர் பேணுபவரே.

ஏனெனில் மறதி நோயுற்றவரைப் பேணுவதில் பிள்ளைகளை மிகுதியாக வதைப்பது உடலுழைப்பைவிட, அறியப்படாமல் போவதன் வலியே. அதனால்தான் பிள்ளைகள் தாயின் முகத்தருகே குனிந்து, “அம்மா, நான் யாருன்னு தெரியுதா?” என்று திரும்பத் திரும்பக் கேட்கின்றனர். அன்பிலிருந்து எழுந்தாலும், அக்கேள்வி நோயுற்றவரை ஒவ்வொரு முறையும் தேர்வுக்கு உட்படுத்துகிறது. விடை தெரியாத அவர் மிரள்கிறார், அல்லது தெரிந்ததுபோல் சிரித்துச் சமாளிக்கிறார். கேட்பவர் தேடுவதும் தாயை அன்று, தாயின் கண்களில் இருந்த தன்னைத்தான். கொன்றை மரத்தின் முன் நிற்கும்போது எவரும் இக்கேள்வியைக் கேட்பதில்லை. மரம் தன்னை அறிகிறதா என்ற எண்ணமே எழாமல், அதன் மஞ்சள் சரங்களைப் பார்த்து நிறைவடைய மனித மனத்தால் முடிகிறது. அந்தப் பார்வையைத் தாயின் பக்கம் திருப்பினால், அவர் தன்னை அறிகிறாரா என்பதற்கு முன்பாக, அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்பது தெரியத் தொடங்குகிறது: வெளிச்சம் கூசுகிறதா, முதுகில் துணி உறுத்துகிறதா, பசிக்கிறதா, ஓர் ஓசைக்குத் தலை திரும்புகிறதா, வாயோரம் சிறு மலர்ச்சி தோன்றி மறைகிறதா. பேணலின் திறன் என்று செவிலியர் போற்றுவது இத்தகைய பார்வையையே.

தாய் மரமோ பறவையோ அல்லர். அவருக்குப் பிள்ளை பட்ட கடன் உண்டு, அவரும் தம்மால் இயன்ற வகையில் உணர்வால் மறுமொழி தருகிறார். ஆகவே இயற்கையை நோக்கும் பார்வை பெற்றோர்மீதான அன்புக்கு ஈடாகாது. அந்த அன்பு தன்னைப் பற்றிய ஏக்கத்தால் மறைக்கப்படும்போது, மறைப்பை விலக்கித் தருவதே அது செய்யும் உதவி.

நினைவை ஏற்பவர்

சமய நம்பிக்கை உள்ள குடும்பங்களில் இந்நோய் மற்றோர் அச்சத்தையும் எழுப்புகிறது. உயிர் பிரியும் வேளையில் எதை நினைக்கிறோமோ அதையே அடைகிறோம் என்று பகவத்கீதையின் எட்டாம் அத்தியாயம் கற்பிக்கிறது. அவ்வாறாயின், வாழ்நாள் முழுதும் வழிபட்டு, கடைசியில் இறைவனின் பெயரையும் மறந்துவிட்ட தந்தையின் கதி என்ன? தமிழ் வைணவம் இக்கேள்வியை நேருக்கு நேர் எதிர்கொண்டது. பெரியாழ்வார் திருமொழியின் நான்காம் பத்தில் அரங்கனை நோக்கிப் பாடிய பதிகமொன்றில், உடல் நலிந்து அறிவு தடுமாறும் இறுதி வேளையில் உன்னை நினைக்கத் தம்மால் இயலாது என்பதை ஆழ்வார் முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறார். அந்த வேளைக்கானதையும் சேர்த்து, இயலும் இப்போதே சொல்லிவைப்பதாக விண்ணப்பிக்கிறார். மனித நினைவின் நொய்மையை இவ்வளவு நேர்மையாகக் கணக்கில் எடுத்த பக்தி அரிது.

அவ்விண்ணப்பத்துக்கு விடையாக வைணவர் கொள்வது வராக சரம சுலோகம். சரம சுலோகங்கள் எனப்படுபவை, அடைக்கலம் புகுந்தோரைக் காப்பதாகத் திருமால் தாமே கூறியவை என்று வைணவம் போற்றும் இறுதி உறுதிமொழிகள். வராக அவதாரத்தில் அருளியது அவற்றுள் ஒன்று. மனமும் உடலும் நலமாக இருந்தபோது தம்மை நினைத்த அடியவர், பிற்பாடு கட்டைபோலவும் கல்போலவும் உணர்விழந்து கிடக்கும்போது, நினைக்கும் பொறுப்பை இறைவனே ஏற்று அவரை உயர்கதிக்குக் கொண்டுசெல்வதாக அது உறுதியளிக்கிறது. வேதாந்த தேசிகர் 'ரகசிய சிகாமணி' என்று ஒரு நூலே இதன் விளக்கமாக எழுதினார். இவ்வுறுதி யாரிடம் சொல்லப்பட்டது என்பது இக்கட்டுரையின் பொருளுக்கு நெருக்கமானது: அதைக் கேட்டவள் பூமிப்பிராட்டி, அதாவது மண்ணும் மரமும் உயிர்களுமாகிய நிலத்தின் தாய். அப்பிராட்டியே ஆண்டாளாக, ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் தம் கையால் வளர்த்த நந்தவனத்தில், துளசிச் செடியின் அடியில் குழந்தையாகக் கிடைத்தாள் என்பது வைணவ மரபின் நம்பிக்கை. இறுதியில் மறந்துவிடுவோம் என்று அஞ்சிய தந்தை, மறந்தவரைக் கைவிடேன் என்ற வாக்கைக் கேட்டவளைத் தம் தோட்டத்திலேயே மகளாகப் பெற்றார் என்று மரபு இணைத்துக் காட்டும்போது, தோட்டமும் பிள்ளையும் மறதியும் ஒரே இறையியலுக்குள் வந்துவிடுகின்றன.

இந்நம்பிக்கையை ஏற்காதவருக்கும் இதில் கற்பதற்கு ஒன்று உண்டு. உறவு என்பது இருவர் நினைவின் மேல் நிற்பது. ஒருவர் பக்கம் சாயும்போது மற்றவர் பக்கம் முழுப் பாரத்தையும் தாங்கலாம், உறவு அறுந்துவிடாது. குழந்தைக்கு நினைவு தெரியாத முதல் ஆண்டுகளில் தாய் அந்தப் பாரத்தைத் தாங்கினார்; முடிவில் பிள்ளை தாங்குகிறார்.

இரு மறுப்புகள்

இயற்கையின் அழகைப் போற்றுவோர் எதிர்கொள்ள வேண்டிய வலுவான மறுப்பு, நோயும் இயற்கையே என்பது. அமிலாய்டு பீட்டா எங்கிருந்தோ வந்த நஞ்சன்று, நலமான மூளையிலும் இயல்பாக உண்டாகும் துணுக்கே. பூவை விரிக்கும் அதே உயிர்வேதியியல் நினைவையும் கலைக்கிறது. ஆகவே இயற்கையின் அழகு, இயற்கை செய்த கேட்டுக்கு ஈடு என்று சொல்வது பொய்யாகும். அழகு எதையும் ஈடுகட்டுவதில்லை. கேடு உண்மை என்பதைப் போலவே அதுவும் ஓர் உண்மை, அவ்வளவே. துயரில் இருப்பவர் கேட்டை மட்டுமே உண்மையென்று கருதும் நிலைக்குச் செல்வது இயல்பு. இரண்டையும் ஒருசேரக் காண்பதே நேர்மையான பார்வை. நோயுற்றவரின் கண்ணுக்கு எல்லா அழகும் அழகாக இருப்பதில்லை என்பதும் இந்நேர்மையில் அடங்கும். ஆழத்தையும் நிறவேறுபாட்டையும் பகுத்தறியும் திறன் குறைவதால் தரையில் விழும் மர நிழல் அவருக்குப் பள்ளமாகத் தோன்றலாம்; பொழுது சாயும் வேளையில் பலருக்குக் கலக்கமும் அலைச்சலும் மிகுவதால், பிள்ளைக்கு இனிமையான அந்தி தாய்க்கு அச்சமாக இருக்கலாம். எனவே அவருக்கான அழகை அவர் பக்கம் நின்று தெரிந்தெடுக்க வேண்டும். இளங்காலை வெயில் பெரும்பாலும் பொருந்துகிறது.

இரண்டாவது மறுப்பு, அழகு ஓய்வு உள்ளவரின் உடைமை என்பது. டிமென்ஷியா உள்ளவர்களுக்குக் குடும்பத்தினரும் நண்பர்களும் நாளொன்றுக்குச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஊதியமின்றிப் பணிவிடை செய்வதாகவும், பேணும் நேரத்தில் 70 விழுக்காட்டைப் பெண்களே சுமப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் தெரிவிக்கிறது. இரவெல்லாம் நடமாடும் மாமனாருக்காகக் கண்விழித்த மருமகளிடம், தோட்டத்தைப் பார்த்து மனத்தைத் தேற்றிக்கொள் என்று சொல்வது உபதேசம் என்னும் பெயரில் செய்யும் கொடுமை. தூங்காத கண்ணுக்கு வல்லூறு தெரியாது. அவளுக்கு முதலில் வேண்டியது, அடுத்த இரவைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லும் ஒரு மைத்துனர், மருத்துவ ஆலோசனை, சில மணி நேரம் விட்டுச்செல்லத்தக்க பகல்நேரப் பராமரிப்பு இல்லம். இவை இல்லாத இடத்தில் அழகைப் பற்றிப் பேசும் மெய்யியல் தன் தகுதியை இழக்கிறது.

முடிவு

எழுப்பப்பட்ட மூன்று கேள்விகளுக்கும் இப்போது விடை கூறலாம். நினைவு கலைந்த பின்னும் இருப்பவர் அதே தாய், அதே தந்தை. கருவி தளர்ந்ததால் அவர் உரிமை தளரவில்லை. அழகை உணர நிகழ்வு நினைவு தேவையில்லை. ஆகவே பெற்றோரும் பிள்ளையும் இன்னும் சரிநிகராக அமரக்கூடிய இடங்களுள் ஒரு மரத்தடி உண்டு, அங்கே இருவரில் எவருக்கும் தேர்வு வைக்கப்படுவதில்லை. அந்த மரத்தைக் கண்டு பேணுபவர் மகிழ்வதும் துரோகமாகாது. தன்னை அறியாததைத் தன்னை மறந்து நேசிக்கும் பழக்கத்தை அவர் அங்கேதான் புதுப்பித்துக்கொள்கிறார், அதன் பயனை அடைபவர் நோயுற்றவரே. இதை ஏற்றால் ஒரு பொறுப்பும் உடன் வருகிறது. கோயில் நந்தவனங்களின் காலை வேளையை இத்தகைய முதியோர் அமைதியாக அமர்ந்திருக்கத் திறந்துவைக்கலாம். உறவினர் முறைவைத்து ஓர் இரவை ஏற்கலாம். வழிபாட்டுக் குழுக்கள் தொண்டு என்று கருதுபவற்றுள், ஒரு வீட்டுக்குச் சென்று இரண்டு மணி நேரம் உடனிருப்பதையும் சேர்க்கலாம். அழகைக் காணும் கண்ணை இயற்கை எவருக்கும் மறுப்பதில்லை. அக்கண்ணுக்கு வேண்டிய தூக்கத்தையும் நேரத்தையும் பேணுபவருக்கு வாங்கித் தருவது குடும்பத்தின் கடமை, ஊரின் கடமை, சமயத்தின் கடமை.